சாமியார் வராத நாட்களின் ஜெபம்
தமிழ்க் கத்தோலிக்கப் பங்குகளைக் காத்த பக்தி முயற்சிகள்

ஒரு கத்தோலிக்கப் பங்கின் வழிபாடு இரண்டு தளங்களில் நடக்கிறது. திருப்பலி, ஒப்புரவு, நோயில்பூசுதல் ஆகிய அருளடையாளங்கள் ஒரு தளம். அவற்றுக்குக் குருவானவர் வேண்டும். ஜெபமாலை, நவநாள், சிலுவைப் பாதை, மாதா மாத வணக்கம், இறந்தவர் வீட்டு ஜெபம், குருசடிக்கு முன் கூடிச் சொல்லும் பிரார்த்தனை ஆகியவை இன்னொரு தளம். அவற்றுக்கு ஊரில் நாலு பேர் கூடினால் போதும். இந்த இரண்டாம் தளத்தைத்தான் பக்தி முயற்சிகள் என்கிறோம்.

இறையியல் நூல்கள் முதல் தளத்துக்கே பெரும்பங்கு இடம் தருகின்றன. அருளடையாளங்களே மையம் என்பது திருச்சபையின் போதனை. அதில் மாறுபாடு இல்லை. ஆனால் வரலாற்றைப் பார்த்தால், தமிழ் பேசும் கத்தோலிக்கர் நம்பிக்கையில் நிலைத்தது பெரும்பாலும் இரண்டாம் தளத்தின் பலத்தில்தான். சுமார் ஐந்நூறு ஆண்டுகளில், குரு எட்டிப் பார்க்க முடியாத நீண்ட காலங்கள் பல இருந்தன. அப்போதெல்லாம் சமூகத்தைச் சிதறவிடாமல் பிடித்திருந்தது, பொதுநிலையினர் தாங்களே முன்னின்று சொன்ன ஜெபம். அந்த வரலாற்றைத் தொகுத்துச் சொல்வதும், இன்றைய பங்குகள் அதிலிருந்து கற்க வேண்டியதை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

மணியோசையில் தொடங்கிய பாடம்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். கடல் உரிமைக்கான போட்டியில் போர்த்துக்கீசியரின் துணை அவர்களுக்குத் தேவைப்பட்டது. மனமாற்றம் அந்த உடன்பாட்டோடு சேர்ந்து வந்தது. திருமுழுக்குக் கொடுத்த குருக்கள் கொச்சிக்குத் திரும்பிவிட்டார்கள். பெயர் மாறியது, கழுத்தில் சிலுவை ஏறியது. ஆனால் ஜெபம் என்று எதையும் யாரும் முறையாகக் கற்றுக்கொடுக்கவில்லை.

1542 அக்டோபரில் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது கண்ட நிலை இதுதான். அவர் கையாண்ட முறையை 1544 சனவரியில் கொச்சியிலிருந்து உரோமைக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார். தமிழும் போர்த்துக்கீசியமும் ஓரளவு தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்து, பல நாள் உழைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், பரலோக மந்திரம், மங்கள வார்த்தை ஜெபம், பத்துக் கட்டளைகள், பொதுப் பாவசங்கீர்த்தனம் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கினார். தானும் அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ச் சிறுவர்களைக் கூட்டினார். நாளுக்கு இரண்டு வேளை பாடம். சிறுவர்கள் படித்ததை வீட்டில் தாய் தகப்பனுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கூடியது. அவர் ஒரு வரி சொல்ல, மக்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். விசுவாசப் பிரமாணத்தின் ஒவ்வொரு பிரிவையும் சொல்லி, அதை உறுதியாக நம்புகிறீர்களா என்று கேட்பார். மக்கள் நம்புகிறோம் என்பார்கள். உடனே அந்த நம்பிக்கையில் நிலைக்க வரம் கேட்டு ஒரு மன்றாட்டு, பரலோக மந்திரம், மங்கள வார்த்தை. அடுத்த பிரிவுக்கும் இப்படியே. கற்பதும் ஜெபிப்பதும் இங்கே ஒரே செயல். ஒருவர் முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொல்லும் இந்த அமைப்பு இன்றும் நம் பங்குகளில் ஜெபமாலை சொல்லும் அமைப்பாக நீடிக்கிறது.

அதே கடிதத்தில் இன்னொரு செய்தி உண்டு. நோயாளிகள் வீட்டுக்கு அழைத்தபோது அவரால் எல்லா இடத்துக்கும் போக முடியவில்லை. ஜெபம் படித்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் அந்த வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் கூட்டி, நோயாளியின் படுக்கையருகே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி மன்றாடினார்கள். குரு போக முடியாத வீட்டுக்குள் பொதுநிலையினர் ஜெபத்தோடு நுழைவது இந்தக் கரையின் கிறிஸ்தவம் தொடங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது, நுழைந்தவர்கள் சிறுவர்கள்.

சவேரியார் ஓர் ஊரைவிட்டு அடுத்த ஊருக்குக் கிளம்பும்போது, எழுதப்பட்ட ஜெபத்தின் படி ஒன்றையும் கணக்கப்பிள்ளை ஒருவரையும் விட்டுச்சென்றார். கணக்கப்பிள்ளையின் வேலை ஜெபம் கற்பிப்பது, கோயிலைப் பார்த்துக்கொள்வது, சாகும் நிலையிலுள்ள குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது. பெண்கள் சனிக்கிழமையும் ஆண்கள் ஞாயிற்றுக்கிழமையும் கோயிலில் கூட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்கு அவர் கண்டுபிடித்த வழி குறிப்பிடத்தக்கது. போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த 4000 பணத்தை இதற்குத் திருப்பிவிடும்படி கேட்டார், அது கிடைத்தது. முத்துக்குளித்துறையின் வரிப்பணம் அந்தக் கரையின் குழந்தைகளுக்கே ஜெபமாகத் திரும்பி வந்தது.

அச்சேறிய ஜெபம்

அவசரத்தில் செய்த மொழிபெயர்ப்பு என்பதால் சவேரியார் விட்டுச்சென்ற பாடத்தில் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்தும் பணி அண்டிரிக் அடிகளாருக்கு வந்தது. 1540களின் பிற்பகுதியில் இந்தக் கரைக்கு வந்த அவர், 1600-ல் இறக்கும்வரை அரை நூற்றாண்டு தமிழோடு வாழ்ந்தார். தமிழுக்கு இலக்கணக் குறிப்புகள் எழுதினார், மக்களின் பேச்சைக் கேட்டு ஜெபத்தைச் செப்பனிட்டார்.

1554-ல் லிஸ்பன் நகரில் ஒரு ஜெபப் புத்தகம் அச்சாகியிருந்தது. தமிழ் ஜெபங்கள் உரோமன் எழுத்தில் போர்த்துக்கீசிய மொழிபெயர்ப்போடு அதில் இடம்பெற்றன. 1578 அக்டோபர் 20-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' வெளிவந்தது. 16 பக்கங்கள். இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில் அச்சான முதல் நூல் இதுவே. அடுத்த ஆண்டே கொச்சியில் வினா விடையாக அமைந்த, அளவில் பெரிய 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது. 1586-ல் புனிதர்களின் வரலாற்றைச் சொல்லும் 'அடியார் வரலாறு'. இந்த அச்சுப் பணிக்குப் பரதவர் சமூகம் தன் கையிலிருந்து பொருள் கொடுத்தது.

தமிழ் அச்சு வரலாற்றைப் பேசுவோர் தம்பிரான் வணக்கத்தைத் தொழில்நுட்பச் சாதனையாகக் கொண்டாடுகிறார்கள். அது சரியே. ஆனால் அந்தப் புத்தகம் யாருக்காக அச்சானது என்றும் கேட்க வேண்டும். குருக்களின் கைகளில் இலத்தீன் நூல்கள் இருந்தன. கடற்கரை ஊர்களில் தமிழில் ஜெபம் சொல்லிக்கொடுத்த கணக்கப்பிள்ளைகளுக்கும் எழுத்தறிந்த வீடுகளுக்கும்தான் இந்தப் புத்தகம் தேவைப்பட்டது. எல்லா ஊரும் ஒரே பாடத்தை ஒரே மாதிரி சொல்ல வேண்டும் என்ற தேவையே தமிழை அச்சுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. பொதுநிலையினரின் ஜெபம் தமிழ்ப் பண்பாட்டுக்குத் தந்த கொடை என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

எப்போதாவது வரும் குரு

உள்நாட்டு நிலைமை வேறு. 1606-ல் தத்துவ போதகர் மதுரைக்கு வந்ததிலிருந்து வளர்ந்த இயேசு சபையினரின் மதுரை மிஷனில், ஒரு குருவின் பொறுப்பில் பரந்து கிடக்கும் பல ஊர்கள் இருந்தன. கால்நடையாகவும் குதிரையிலும் சுற்றிய குரு ஓர் ஊருக்கு மறுபடி வர மாதங்கள் ஆகும். பாளையக்காரர் சண்டை, பஞ்சம், துன்புறுத்தல் குறுக்கிட்டால் ஓராண்டுகூட ஆகும். அதுவரை ஊரை நடத்தியவர் உபதேசியார். ஞாயிறு ஜெபம், குழந்தைகளுக்கு ஞான உபதேசம், சாவு வீட்டில் கல்லறை வரையிலான மன்றாட்டு எல்லாம் அவர் பொறுப்பு.

வீரமாமுனிவர் இதை நன்கு உணர்ந்தவர். தேம்பாவணி எழுதிய காப்பியப் புலவராக அவரைத் தமிழுலகம் அறியும். அதே கையால் அவர் உபதேசியார்களுக்கென்றே உரைநடையில் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அவர்களை ஒன்றுகூட்டிப் பயிற்சியும் தியானமும் கொடுத்தார். கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் அவர் எழுப்பிய கோயில்கள் இன்றும் திருத்தலங்கள். அடைக்கல மாதாவை மக்கள் பாடுவதற்காக அவரே சிற்றிலக்கியங்களும் இயற்றினார். உயர்ந்த காப்பியமும் ஊராரின் வணக்கமும் அவருக்கு இரு வேறு உலகங்கள் அல்ல.

1759-ல் போர்த்துக்கீசிய அரசு இயேசு சபையினரைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773-ல் திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். புதிய மதுரை மிஷன் 1838-ல் தொடங்கும் வரை, கோவாக் குருக்களும் புதுச்சேரியிலிருந்து வந்த பாரீஸ் வேதபோதக சபையினரும் தங்களால் முடிந்த அளவு சமாளித்தனர். ஊர்களின் எண்ணிக்கைக்கு அவர்கள் போதவில்லை. இரண்டு மூன்று தலைமுறைகள் இந்த வறட்சியிலேயே பிறந்து வளர்ந்தன. 1838-க்குப் பிறகு வந்த குருக்களின் முன்னே குறைகள் பல இருந்தாலும், ஜெபம் தெரிந்த கத்தோலிக்கர் இருந்தார்கள். அவர்களுக்கு அதைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாமல் போன உபதேசியார்களும் வீட்டுப் பெரியவர்களும்.

பொதுநிலையினரின் இந்த நம்பிக்கைக்குத் திருச்சபையே அண்மையில் முத்திரையிட்டது. 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-ல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே 15-ல் புனிதர் பட்டம் கிடைத்தது. அவர் குருவல்லர், துறவியுமல்லர். அவருக்குக் கிறிஸ்துவை முதலில் எடுத்துச் சொன்ன தெலன்னாய் ஒரு படைத்தலைவர்.

கழுத்தில் தொங்கிய ஜெபமாலை

ஈழத்தில் சோதனை இன்னும் கடுமையாக இருந்தது. 1658-ல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோயில்கள் சீர்திருத்தச் சபையின் கைக்குப் போயின. கத்தோலிக்க வழிபாடு சட்டத்தால் தடுக்கப்பட்டது. 1687-ல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் வேடம் மாறி யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், அங்கே முறையான குருப்பணி இல்லை.

அவர் பிச்சைக்காரரைப்போல வீடு வீடாகப் போனார். கழுத்தில் ஒரு ஜெபமாலையைத் தெரியும்படி போட்டுக்கொண்டார். அதைப் பார்த்ததும் எந்த வீட்டாரின் முகம் மாறுகிறது, யார் மறுபடி கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்று கவனித்தே மறைந்து வாழ்ந்த கத்தோலிக்கரைக் கண்டுபிடித்தார். சில்லாலை மக்கள் அவருக்கு இடம் கொடுத்தார்கள். முப்பது ஆண்டுத் தடைக்குப் பிறகும் அந்த மணிமாலையை அடையாளம் காண வீடுகள் இருந்தன என்றால், அத்தனை ஆண்டும் கதவுக்குள்ளே யாரோ அதை உருட்டிக்கொண்டிருந்தார்கள். 1689 கிறிஸ்துமஸ் காலத்தில் இரவு வழிபாட்டுக்குக் கூடியவர்கள் கைதானபோதும் அந்தச் சமூகம் கலையவில்லை. வாஸ் அடிகளார் கண்டி இராச்சியத்தில் பணியைத் தொடர்ந்து 1711-ல் இறந்தார். 2015-ல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் வழங்கினார்.

வாஸ் அடிகளாரும் உடன் உழைத்தவர்களும் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் நியமித்தார்கள். மூப்பர் கோயில் நிர்வாகத்தைப் பார்த்தார். அண்ணாவியார் ஜெபத்தை முன்னின்று நடத்தி, ஞான நூல்களை வாசித்துக் காட்டினார். வாசிக்க நூல் வேண்டுமே என்ற தேவையை நிறைவேற்றியவர் 1705-ல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்ட அவர், சிங்களத்திலும் தமிழிலும் மக்கள் வாய்க்கு ஏற்ற நூல்களை எழுதினார். அவர் பெயரால் வழங்கும் வியாகுலப் பிரசங்கம் இன்றும் தவக்காலத்தில் ஈழத்துப் பங்குகளில் இராகத்தோடு வாசிக்கப்படுகிறது. வாசிப்பவர் ஊரில் பயின்ற பொதுநிலையினரே.

ஒரு மாலைக்குள் பல நூற்றாண்டு

நாள்தோறும் சொல்வதால் ஜெபமாலையின் உள்ளமைப்பை நாம் எண்ணிப்பார்ப்பதில்லை. 150 மங்கள வார்த்தை என்ற பழைய கணக்கு 150 திருப்பாடல்களை ஒட்டி வந்தது. மடங்களில் துறவிகள் திருப்பாடல்களைப் பாடியபோது, எழுத்தறியாத உழவரும் தொழிலாளரும் அதற்கு ஈடாகச் சொன்ன ஜெபம் இது. தோற்றத்திலேயே ஏட்டைப் படிக்காதவர்களுக்கான வழிபாடு. 1569-ல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் இதன் அமைப்பை உறுதிசெய்தார். 1883-ல் பதின்மூன்றாம் சிங்கராயர் அக்டோபரை ஜெபமாலை மாதமாக்கினார். ஒவ்வொரு பத்து மணியின் முடிவிலும் சேர்த்துச் சொல்லும் சிறு மன்றாட்டு 1917-ன் பாத்திமா காட்சிகளோடு வந்தது. 2002-ல் இரண்டாம் ஜான் பால் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்தார்.

வயதான ஒருவர் இன்றும் சந்தோஷ தேவ இரகசியம் என்று தொடங்குவார். அவருடைய பேத்தி மகிழ்ச்சி மறையுண்மை என்பாள். இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே மாலையை முடிப்பார்கள். புதியதை ஏற்று, பழையதைத் தள்ளாமல் வளரும் இந்த இயல்பே ஜெபமாலையை இத்தனை காலம் உயிரோடு வைத்திருக்கிறது.

வாரத்துக்கும் ஆண்டுக்கும் இதே போன்ற ஒழுங்கு உண்டு. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு, 1231-ல் பதுவையில் அவரை அடக்கம் செய்த கிழமை அது. உவரியிலும் புளியம்பட்டியிலும் செவ்வாய்தோறும் கூடும் கூட்டத்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களும் பலர். புதன் சகாய மாதா நவநாள். மாத முதல் வெள்ளி திரு இருதய ஆண்டவருக்கு. சனி மாதாவுக்கு. மே மாதம் மாதா வணக்க மாதம். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கோயில் மணி அடித்தால் வயலில் நிற்பவரும் வலை பின்னுபவரும் திரிகால ஜெபத்துக்கு ஒரு நிமிடம் நின்றார்கள்.

பெருவிழாக்கள் இந்த ஒழுங்கின் உச்சம். ஆகஸ்ட் 29-ல் கொடியேறி செப்டம்பர் 8-ல் நிறையும் வேளாங்கண்ணி, ஆகஸ்ட் 5-ல் தூத்துக்குடி பனிமய மாதா, செப்டம்பர் 14-ல் மணப்பாடு திருச்சிலுவை, ஆகஸ்ட் 15-ல் காமநாயக்கன்பட்டியும் மடுவும். தூத்துக்குடித் தங்கத்தேர் முதன்முதலாக 1806-ல் ஓடியது. கொடியேற்றம், சப்பரம், தேர்பவனி, நேர்ச்சை என்ற இந்த விழா அமைப்பைத் தமிழ்க் கோயில் திருவிழா மரபிலிருந்து கத்தோலிக்கர் எடுத்துத் தங்கள் நம்பிக்கைக்கு உரியதாக்கிக்கொண்டார்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை. நம்பிக்கை ஒரு மண்ணில் வேர்விட்டதற்கான அடையாளம் இது.

தவக்காலம் தனியாகக் குறிப்பிட வேண்டியது. சிலுவைப் பாதையின் 14 நிலைகளை 1731-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் வரையறுத்தார். தமிழ்ப் பங்குகளில் அது வெறும் தியானமாக நிற்கவில்லை, பாட்டாயிற்று. பெரிய வெள்ளி இரவில் ஆசந்தியில் ஆண்டவரின் திருவுடலைச் சுமந்து செல்லும்போது பெண்கள் பாடும் புலம்பல், தமிழ்ச் சாவு வீட்டின் ஒப்பாரி மரபிலிருந்து பிறந்தது. மன்னார் பேசாலையில் உருவங்களைக் கொண்டு நடத்தும் உடக்குப் பாஸ், யாழ்ப்பாணத்தில் நீ. மரியசேவியர் அடிகளார் 1965-ல் நிறுவிய திருமறைக் கலாமன்றம் மேடையேற்றிவரும் திருப்பாடுகளின் காட்சிகள், தமிழக ஊர்களின் பாஸ்கா நாடகங்கள் எல்லாம் இதே உணர்வின் கிளைகள். ஈழப் போரில் பிள்ளைகளை இழந்த தாய்மார் வாழும் ஊர்களில் வியாகுல மாதாவின் புலம்பலைக் கேட்பவர்களுக்கு அது வேறு யாருடைய துயரமாகவும் இராது.

தேர் எந்தத் தெருவில் வரும்?

பக்தி முயற்சிகளின் வரலாற்றில் ஒரு பெரும் கறையும் உண்டு. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. தேர், சப்பரம், மண்டகப்படி, பாடகர் குழு, கல்லறை என்று பொதுநிலையினர் கையில் இருந்த ஒவ்வொன்றிலும் சாதி நுழைந்தது. எந்தச் சாதிக்கு எந்த நாள் நவநாள், தேர் எந்தத் தெருவுக்குள் நுழையும், எந்தத் தெருவை ஒதுக்கும் என்பதில் ஊரின் அதிகாரம் வெளிப்பட்டது.

தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-ல் கட்டிய கோயில், சாதிக்கொரு பகுதியாக மக்கள் தனித்தனியே நிற்கும்படி இரு கிளைகளாக அமைந்தது. நடுவிலிருந்த தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழித்தும் நோய் தீரவில்லை. 2008 மார்ச்சில், அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப்பங்கும் சவ ஊர்வலத்துக்குப் பொதுத்தெருவும் கேட்டதைத் தொடர்ந்து எழுந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இறந்தவருக்காக ஊர் முழுதும் கூடி மன்றாடுவதே கத்தோலிக்க வழக்கம். அந்த மன்றாட்டுக்குத் தெருவைப் பூட்டுபவர் எந்த ஜெபமாலையைச் சொன்னாலும் அது வானத்துக்கு ஏறாது.

எனவே பக்தி முயற்சிகளை மக்கள் கையில் விட்டுவிட்டால் போதும் என்று யாரும் சொல்ல முடியாது. மக்கள் என்றால் எந்த மக்கள் என்ற கேள்வி எழும். பொதுநிலையினரின் ஜெபம் திருச்சபையைக் காத்தது என்பதற்கு எவ்வளவு சான்று இருக்கிறதோ, அதே ஜெபத்தின் அரங்கில் சிலர் வாசலில் நிறுத்தப்பட்டார்கள் என்பதற்கும் அவ்வளவு சான்று இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துத்தான் இந்த மரபை மதிப்பிட வேண்டும்.

மாலை நேரம் யாருடையது?

திருப்பலி இலத்தீனில் இருந்த காலத்தில், பின்னால் நின்றவர்களில் பலர் அந்த நேரம் முழுதும் ஜெபமாலை சொன்னார்கள். புரியாத சடங்கில் அவர்கள் பங்கெடுத்த வழி அது. 1963 டிசம்பர் 4-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கு வழிதிறந்தது. தமிழில் திருப்பலி வந்தது. மக்கள் பதில் சொன்னார்கள், வாசகம் வாசித்தார்கள். இது பெரும் விடுதலை. அதே ஏடு, பக்தி முயற்சிகளைப் பாராட்டி, அவை திருவழிபாட்டிலிருந்து ஊற்றெடுத்து அதற்கே மக்களை இட்டுச்செல்ல வேண்டும் என்றது. 1975-ல் திருத்தந்தை ஆறாம் பவுல், மக்களின் பக்தியில் ஏழைகளுக்கே உரிய கடவுள் தாகம் வெளிப்படுவதாக எழுதினார். ஏடுகளின்படி பக்தி முயற்சிகளுக்கு எந்தக் குறையும் நேரவில்லை.

நடைமுறையில் நேர்ந்தது வேறு. என் பார்வையில் அதன் முக்கியக் காரணம் அதிகம் பேசப்படாத ஒன்று: மாலைத் திருப்பலி. 1953-ல்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மாலையில் திருப்பலி நிறைவேற்ற அனுமதி தந்தார். அதற்குமுன் திருப்பலி காலைக்குரியது. மாலை மக்களின் ஜெபத்துக்குரியது. கோயில்பிள்ளை மணியடிக்க, உபதேசியாரோ ஊர்ப் பெரியவரோ ஜெபமாலையைத் தொடங்குவார். குருக்களின் எண்ணிக்கையும் வாகன வசதியும் கூடக்கூட, மாலை நேரமும் திருப்பலிக்குப் போயிற்று. நவநாள் நவநாள் திருப்பலியாயிற்று. ஜெபமாலை திருப்பலிக்கு முன்னுள்ள பதினைந்து நிமிடமாகச் சுருங்கியது. அதையும் பல இடங்களில் ஒலிபெருக்கியில் பதிவுசெய்த குரலே சொல்லிவிடுகிறது. உபதேசியார் பதவி பெரும்பாலான பங்குகளில் மறைந்துவிட்டது.

திருப்பலி கூடியதை யாரும் இழப்பு என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஊர்மக்கள் தாங்களாக முன்னின்று நடத்திய ஒரே பொது வழிபாடு கைவிட்டுப் போனதை இழப்பு என்றே சொல்ல வேண்டும். முன்பு ஜெபம் நடத்தத் தெரிந்த பத்துப் பேர் இருந்த ஊரில், இன்று பங்குத்தந்தை வெளியூர் போனால் கோயில் பூட்டிக்கிடக்கிறது.

ஆறுதலான மாற்றங்களும் உண்டு. 1990களிலிருந்து தமிழகப் பங்குகளில் பரவிய அன்பியங்கள், இருபது முப்பது குடும்பங்களை ஒரு வீட்டில் கூட்டுகின்றன. அங்கே விவிலியம் வாசிப்பவரும் ஜெபமாலையைத் தொடங்குபவரும் பெரும்பாலும் பெண்கள். சவேரியார் காலத்தில் சனிக்கிழமை வந்து திருப்பிச் சொன்னவர்களின் வழிவந்தவர்கள் இன்று முன்னால் சொல்கிறார்கள். மரியாயின் சேனையும் வின்சென்ட் தே பவுல் சபையும் நோயாளிகளைத் தேடிப்போய் ஜெபிக்கின்றன. 2020 ஊரடங்கில் கோயில்கள் மூடப்பட்டபோது, ஜெபிக்கத் தெரிந்த வீடுகள் தாமாகவே கோயிலாயின. தெரியாத வீடுகள் தொலைக்காட்சியை நம்பின. பழைய வறட்சிக் காலங்களின் பாடம் நம் கண்முன்னேயே ஒருமுறை நடந்து முடிந்தது.

பங்குகள் செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து சில செயல்கள் தாமாகவே பிறக்கின்றன. ஒவ்வொரு பங்கும் வாரத்தில் ஒரு மாலையையாவது திருப்பலி இல்லாத, பொதுநிலையினரே நடத்தும் ஜெபத்துக்கு ஒதுக்க வேண்டும். பங்குத்தந்தை அங்கே இருந்தால், மக்களோடு அமர்ந்து பின்னால் சொல்பவராக இருக்கட்டும். மறைக்கல்வி வகுப்பில் ஜெபத்தை மனப்பாடம் செய்வதோடு, அதை முன்னின்று நடத்தவும் பிள்ளைகள் பழக வேண்டும். பதிவுசெய்த குரலை நிறுத்திவிட்டு, தடுமாறினாலும் ஊர்க்குரலையே ஒலிக்கவிட வேண்டும்.

வியாகுலப் பிரசங்கத்தின் இராகங்கள், பெரிய வெள்ளிப் புலம்பல்கள், ஊருக்கு ஊர் மாறும் பிரார்த்தனை மெட்டுகள் முதியவர்களின் நினைவில்தான் இருக்கின்றன. மறைமாவட்டங்களும் கத்தோலிக்கக் கல்லூரிகளும் அவற்றை இப்போதே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். மேலும், சாதி பார்த்து நாளும் தெருவும் பிரிக்கும் எந்தத் தேர்பவனிக்கும் நவநாளுக்கும் பங்குப் பேரவை இசைவு தரக்கூடாது. எல்லாத் தெருவுக்கும் போகாத தேர் நிலையிலேயே நிற்கட்டும்.

வாசகர்களில் கத்தோலிக்கராக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று உங்கள் வீட்டில் ஜெபமாலையை முன்னின்று சொல்லத் தெரிந்தவர் ஒரே ஒருவர் என்றால், இந்த ஆண்டுக்குள் அந்த எண்ணிக்கையை இரண்டாக்குங்கள். சவேரியார் சிறுவர்களிடம் கேட்டுக்கொண்டதும் அவ்வளவுதான்: படித்ததை வீட்டில் சொல்லிக்கொடுங்கள்.